மஞ்சூரியாவுக்காக நான் வென்ற நாள்

எட்டாம் வகுப்பில் சீட்டுக் குலுக்கியபோது எனக்குச் சீனா விழுந்தது. பக்கத்து மேசை லின்னுக்கு யப்பான். லின் அசல் சீனப் பிள்ளை. நானோ கனடாவில், வோபர்னில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மாற்றித் தரச்சொல்லி இருவரும் கெஞ்சினோம், வரலாற்று ஆசிரியை மசியவில்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இருந்த நாடுகளின் சங்கத்தை அவர் வகுப்பிலேயே கூட்டப்போகிறாராம். அவரவர் தமக்கு விழுந்த நாட்டுக்காகப் பேச வேண்டும்.

என்னைவிட ஏமாற்றம் அப்பாவுக்குத்தான். காரோ கமராவோ, யப்பான்காரன் செய்ததென்றால் அவருக்கு அதற்குமேல் பேச்சில்லை. "யப்பானெண்டா நானே எழுதித் தந்திருப்பன்," என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் மிசிசாகாவில் வேலை முடிந்து வந்ததும் என்னோடு உட்கார்ந்து பாடப்புத்தகத்தை வாசித்தார்.

வாசிக்க வாசிக்க நான் மலைத்துப்போனேன். சீனாவின் வடக்கே, மஞ்சூரியாவில் யப்பானியப் படையே தங்கள் ரயில் பாதையில் குண்டு வைத்துவிட்டு, பழியைச் சீனர்மேல் போட்டதாம். அதைச் சாட்டாக வைத்து அந்தப் பெரிய நிலத்தையே பிடித்து, அரியணை இழந்த சீனச் சக்கரவர்த்தியைக் கொண்டுவந்து தலைவராக இருத்தி, இது தனி நாடு என்று சொன்னதாம். என்ன துணிச்சல். அதைவிடப் பெரிய அதிசயம், சீனா முறையிட்டதும் உலகம் ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் கடல் கடந்து வந்து, பார்த்து, விசாரித்து, தடித்த அறிக்கை எழுதினார்கள். எங்கோ நடந்த அநியாயத்துக்காக நாடுகளெல்லாம் ஒரே மண்டபத்தில் கூடும் என்பதை நான் கனவிலும் நினைத்ததில்லை. அப்பாவும் சீனாவின் பக்கம் சாய்ந்துவிட்டார்.

கடைசிப் பக்கங்களை நான் தனியாகத்தான் வாசித்தேன். வன்னியில் போர் முற்றியிருந்த ஆண்டு அது. அப்பாவின் ஒரே தங்கை, என் மாமி, குண்டுகள் விழும் செல்லடிக்குள் அகப்பட்டிருந்தார்; உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. அந்த வாரம் முதல் அப்பா வேலையால் வந்த கையோடு நகர மையத்துக்குப் போய், துணைத் தூதரகங்களுக்கு முன்னால் பதாகை பிடித்து நின்றார். உலகம் கண் திறந்தால் சண்டை நின்றுவிடும், தங்கச்சி தப்பிவிடுவாள் என்று நம்பினார்.

கூட்ட நாள் வந்தது. நான் எழுந்து பேசினேன். வாக்கெடுப்பில் பிரிட்டன், பிரான்ஸ், கனடா என்று கைகள் உயர்ந்துகொண்டே போயின. சீட்டில் சியாம் நாடு விழுந்த பையன் மட்டும் கையை மேசைக்கடியில் ஒளித்துக்கொண்டான். லின் எழுந்தாள். கதிரையை மெல்ல உள்ளே தள்ளினாள். ஒருவரையும் பாராமல் நடந்து, கதவைத் திறந்து, போயே போய்விட்டாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தவள், சரியாகச் செய்தேனா என்று என்னிடம் கேட்டாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அப்பா வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நான் வெண்டிட்டன். எல்லாரும் எனக்குத்தான் கை உயத்தினவை."

அவர் முகம் மலர்ந்தது. "உண்மையா நடந்ததும் அப்பிடித்தானோ?"

"ஓம். யப்பானுக்கு யப்பான் மட்டுந்தான். அவை கோவிச்சுக்கொண்டு எழும்பிப் போட்டினம்."

"அப்ப மஞ்சூரியா?"

"அது யப்பானிட்டத்தான் இருந்தது. ஒருத்தரும் போய் மீட்டுக் குடுக்கேல்லை. ஆனா பிழை ஆரிலயெண்டு எல்லாரும் சொல்லிப்போட்டினம்தானே, அப்பா."

அவர் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு சுவரில் சாத்தியிருந்த பதாகையை எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தார்.

நல்லாய்ச் செய்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவ்வளவையும் கேட்ட பிறகும் அவர் ஏன் போனார் என்று யோசிக்க எனக்கு அப்போது தெரியவில்லை.