வேலம்மாள் காட்டில் மேய்ந்த ஆடுகள்

வேலம்மாள் காட்டு உளுந்தை அழித்தது நான்தான். என் கையால் பட்டியைத் திறந்து, என் ஆடுகளை நானே அவள் காட்டுக்குள் விட்டேன். பொறாமையால் செய்தேன்!

முகம் சுளிக்கிறீர்களா? சுளியுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

பரளச்சிப் பக்கம் எங்கள் ஊர். வேலம்மாளும் நானும் அடுத்தடுத்த வீடு. எங்கள் கரிசல் காடுகளுக்கு நடுவேயும் ஒரே ஒரு வரப்புதான். மழை ஏமாற்றினால் இரண்டும் சேர்ந்தே காயும். முந்தின வருடம் அப்படித்தான் காய்ந்தது. அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது... அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. பாங்குக் கணக்கில் ஏதோ கோளாறாம். என்ன கோளாறோ! பணம் வந்த அன்று அவள் தெருவுக்கே சீனி மிட்டாய் கொடுத்தாள். எனக்கு மட்டும் இரண்டு கை அள்ளி வைத்தாள். தின்றேன். தின்றுகொண்டே வயிறெரிந்தேன்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மகள் செல்வி பன்னிரண்டாம் வகுப்பில் முதல் மாணவி. என் மகள் பத்தோடு நின்றவள், கட்டிக்கொடுத்தாயிற்று. "இந்த வருசமும் நிவாரணம் வந்துட்டா செல்விய நர்சிங்ல சேத்துருவேன் மதினி. அத நம்பித்தான் இருக்கேன்" என்றாள் வேலம்மாள். அவள் பெற்ற பிள்ளை வெள்ளை உடுப்போடு பஸ்ஸை விட்டு இறங்க, அதை நான் என் வாசலில் நின்று பார்க்க வேண்டுமா? அப்படித்தான் நினைத்தேன். வெட்கமில்லாமல் நினைத்தேன்!

அந்த வருடமும் உளுந்து ஒரு சாண்கூட வளராமல் கருகியது. சேதம் பார்க்க அதிகாரிகள் மறுநாள் வருவதாகத் தலையாரி சொல்லிவிட்டுப் போனார். வேலம்மாள் அன்றைக்குத்தான் கல்லூரியில் விசாரிக்க அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினாள். "கருகுன வெள்ளாமை காட்டுல நின்னாத்தான் சேதம்னு எழுதுவாகளாம் மதினி. காட்ட ஒரு பார்வை பாத்துக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். என்னிடமே!

உச்சி வெயில். ஆள் அரவமில்லை. ஆடுகளை வரப்பைத் தாண்ட விட்டுவிட்டு ஒரு வேலமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட எழுந்து விரட்டத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது... எழவில்லை.

சாயங்காலம் அவள் திரும்பி வந்ததும், "எந்தூருக் கிடை ஆடோ புகுந்திருச்சு தாயி, நான் வீட்டு வேலையில இருந்துட்டேன்" என்று அழுதேன். அந்த அழுகை எங்கிருந்து வந்தது? இன்றுவரை தெரியவில்லை. அவளோ என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நீங்க என்ன செய்வீக மதினி? ஆடு சொல்லிட்டா வருது?"

மறுநாள் அதிகாரி அவள் காட்டைப் பார்த்துவிட்டு, "விதைச்ச மாதிரியே தெரியலையேம்மா... நான் என்னன்னு எழுத?" என்றார். அவள் கும்பிட்டாள், மண்ணைக் கிளறி வேரைக் காட்டினாள். அவர் என் காட்டுக்கு நகர்ந்துவிட்டார். நேற்றுவரை இங்கே உளுந்து நின்றது என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

கணக்குக் கோளாறு தீர்ந்து, இந்தத் தடவை எனக்குப் பணம் வந்தது. அவளுக்கு வரவில்லை. நல்ல மதிப்பெண் வாங்கிய செல்வி பஞ்சு மில்லு வேலைக்கு வேன் ஏறினாள். விடியற்காலையில் வேன் என் வாசலில்தான் வந்து நிற்கும். "அத்தை, போயிட்டு வாரேன்" என்பாள். "பாத்துப் போ தாயி" என்பேன். ஒவ்வொரு நாளும்...

இதற்குப் பிறகு நான் திருந்திவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் போன வாரம் நடந்ததைக் கேளுங்கள். செல்வி தன் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து வந்தாள். அரக்கு நிறம். வேலம்மாள் அதைக் கட்டிக்கொண்டு நேரே என்னிடம்தான் வந்தாள்.

"எப்படி இருக்கு மதினி?"

"நல்லாருக்கு" என்றேன். என் மகள் எனக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கித் தந்ததில்லையே என்று, அப்போதும் என் வயிறு எரிந்தது.