பழனியம்மா கேட்ட பாட்டு

காத்தவராயன் கோரமண்டல் தங்கச் சுரங்கத்தில் பதினெட்டு வருஷம் டிரில் மிஷின் பிடித்தவன். சுரங்கத்துக்கு மேலே வந்தால் எங்கள் நாடகக் குழுவின் ராஜபார்ட். நான் சின்னப்பா, அவனுக்கு ஆர்மோனியம் வாசித்தவன்.

அவன் பெண்டாட்டி பழனியம்மாவின் அப்பாவும் அண்ணனும் பாறைத் தூசி நெஞ்சை அடைத்துச் செத்தவர்கள். மூச்சு வாங்க ஆரம்பித்த அன்றே சுரங்கத்தை விட்டுவிட வேண்டும் என்று அவள் சத்தியம் வாங்கியிருந்தாள். "பாட்டு வர்ற வரைக்கும் எனுக்கு ஒண்ணும் இல்லடி" என்பான். அதனால் நாடகத்தன்று முதல் வரிசையில் உட்காருவாள். ஊர் பாட்டைக் கேட்கும். அவள் மூச்சைக் கேட்பாள்.

1964-ல் அவனுக்கு இழுப்பு வந்துவிட்டது. ஐந்து கட்டையில் பாடியவனுக்கு நான்தான் ஆர்மோனியத்தில் சுருதியை நான்காக இறக்கிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த முட்டாள் நான்.

"வேலைய உட்டா கம்பெனி குடுத்த லைன் வீட்ட காலி பண்ணணும். நாலு புள்ளைங்கள எங்க கூட்டினு போவேன்?" என்றான்.

எட்மண்ட் என்ற ஆபீஸ் குமாஸ்தா ஒரு சமூக நாடகம் எழுதி வைத்திருந்தான். "நாலு பாட்டு இருக்குது. எடுத்துட்டாலும் கதை நிக்கும்" என்று பெருமை வேறு. இந்த வருஷம் அதைப் போடலாம் என்று காத்தவராயனிடம் கெஞ்சினேன். எட்மண்ட் நாடகத்தில் பாட்டு வாசல் தோரணம். எங்கள் நாடகத்தில் பாட்டுதான் கூரை; பிடுங்கினால் வீடே இல்லை.

"பாடாத வேஷம் கட்னா அவ கண்டுபுடிச்சிடுவா. மூடிக்கினு வாசி" என்றான்.

ஞாயிறு மதியம், கொட்டகை நிரம்பியிருந்தது. முதல் இரண்டு பாட்டைக் கோரஸ்காரர்களோடு சேர்ந்து பாடித் தப்பித்தான். அடுத்தது ராஜா தனியாகப் பாடுவது. மகனை நாடு கடத்தும் கட்டளை அதன் கடைசி அடியில்தான் வரும். அது வராமல் இளவரசன் மண்டியிட்ட இடத்திலிருந்து எழ முடியாது, கதை நகராது.

மூன்றாம் அடியில் மூச்சு அறுந்தது.

அதே அடியைத் திரும்ப வாசித்தேன். இன்னொரு தரம். இன்னொரு தரம். அவன் வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. என் விரல்கள் வியர்த்து வழுக்கின. பழனியம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

காத்தவராயன் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு, பாடாமல், சும்மா பேச்சாகச் சொன்னான்: "போ மகனே. இனி இந்த நாடு உனக்கில்லை."

கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது. ஏதோ புது மோஸ்தர் என்று நினைத்துவிட்டார்கள். "இதான்யா நாடகம்!" என்று எட்மண்ட் எழுந்து கத்தினான். தப்பித்தோம் என்று முதல் வரிசையைப் பார்த்தேன். பழனியம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது.

திரை விழுந்ததும் உள்ளே வந்தாள். தோள் குலுங்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்த புருஷனைத் தாண்டி என்னிடம்தான் வந்தாள்.

"எத்தினி மாசமா உங்களுக்குத் தெரியும், அண்ணா?"

"ஆறு" என்றேன்.

அவனைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். அதற்குப் பிறகு அவன் மூன்று வருஷம் உயிரோடு இருந்தான். அந்த மூன்று வருஷமும், அவன் போன பிறகும், அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.