இரண்டாம் பாதி வந்து சேர்ந்த கதை

போன வாரம் டி.வி.யில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். குடிகார டாக்டர் கிளாஸைத் தூக்கியதும் கீழே ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று எழுத்து ஓடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதே படத்துக்கு எங்கள் ஊரில் எச்சரிக்கை எழுத்தில் வரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முப்பது பேராக நடந்து வந்தது.

அப்போது மன்னார்குடிக்கு நாலு மைல் தள்ளியிருந்த எங்கள் ஊர்க் கொட்டகையில், பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். உத்தியோகம் என்று பெருமையடித்துக்கொள்வேன். உண்மையில் தினமும் இலவசமாக அழுகிற வேலை. முறுக்கு வாசனையும் பீடிப் புகையும் கலந்த அந்த இருட்டு இன்னும் மூக்கில் இருக்கிறது. கூடவே சாராய நெடியும். மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்துவிட்ட சமயம் அது. எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், வாய்க்கால் பாலத்தருகே ஒரு கடை.

ஒரே பிரிண்ட், இரண்டு கொட்டகை. மன்னார்குடியில் ஓடி முடிந்த ரீல் பெட்டியைச் சைக்கிளில் கட்டி எங்களுக்குக் கொண்டுவருபவர் கோவிந்தண்ணன். தங்கமான மனுஷர், பாலம் வரைக்கும். பாலத்தில் சைக்கிள் தானாக நின்றுவிடும். இரண்டு தடவை தாமதமாகி, மூன்றாவது என்றால் வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பெட்டியைக் கொடுத்த கையோடு, எங்களிடம் ஓடி முடிந்ததை எடுத்துக்கொண்டு அண்ணன் திரும்பவேண்டும். அதனால் எந்தப் படத்துக்கும் அவர் முடிவு பார்த்ததில்லை.

“கடைசில அந்த டாக்டரு திருந்துறானா தங்கச்சி?”

“ஒருநா உக்காந்து பாருங்கண்ணே” என்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்னியில், ‘இனிமேல் தொடமாட்டேன்’ என்று டாக்டர் மனைவியிடம் சத்தியம் செய்ததும் இடைவேளை. இரண்டாம் பாதி வரவில்லை. ஆண்கள் பக்கம் ஒரே விசில். பெண்கள் பக்கம் எல்லோரும் அண்ணனின் மனைவி அஞ்சலையக்காவைப் பார்த்தார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கே அவமானமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா எழுந்தாள். “வரப்புல நின்னவங்கள்லாம் வாங்கடி” என்றாள். அவ்வளவுதான்.

இதைச் சொல்லியாகவேண்டும். அந்த வருஷம் கூலித் தகராறில் மிராசுதார் வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கியபோது, இந்தப் பெண்கள்தான் வரப்பில் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். திட்டவில்லை, கல்லெறியவில்லை, நகரவும் இல்லை. மூன்றாம் நாள் மிராசுதார் இறங்கி வந்தார். அவர்களுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். அதையே சாராயக் கடை வாசலில் செய்தார்கள். நானும் டிக்கெட் கட்டோடு கடைசியில் போய் நின்றேன். வீரமெல்லாம் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான்.

“யாவாரத்தக் கெடுக்காதீங்கம்மா” என்றார் கடைக்காரர்.

“எங்க ரீலக் குடுங்க. போயிடுறோம்” என்றாள் அக்கா.

அண்ணன் பெட்டியை அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். அக்கா அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “முடிவு பாக்காம இன்னிக்கி எங்கயும் போவக் கூடாது நீங்க.”

மேனேஜர் முப்பது பெண்களையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, முதல் பாதிப் பெட்டியோடு தாமே மன்னார்குடிக்குச் சைக்கிள் மிதித்தார். வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

அண்ணன் பெண்கள் பக்கத்துத் தரையில் உட்கார்ந்து பார்த்தார். டாக்டர் திருந்தவில்லை, செத்துப்போகிறார். நான் வழக்கம்போல அழுதேன். அண்ணன் வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவினார். “அவன் செத்துட்டான் தங்கச்சி. நான் இருக்கேன்ல” என்றார்.

இன்று கொட்டகை கல்யாண மண்டபம். ரீல் பெட்டியும் இல்லை, பெண்கள் கவுண்டரும் இல்லை. போனதற்கெல்லாம் வருத்தப்படுகிற ஆளில்லை நான். ஒன்று போனதற்குச் சந்தோஷமே பட்டிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, பெட்டி வரும் நேரத்தில் அக்கா தினமும் பாலத்தில் நிற்பாள். அண்ணன் மணியடித்துவிட்டுக் கடந்து வருவார். அடுத்த படத்துக்கும் நின்றாள். அதற்கடுத்த படத்தில் ஒருநாள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன், பாலத்தில் அக்காவைக் காணோம். கடை வாசலில் சைக்கிள் நிற்கிறதா என்று தேடினேன்.

பெட்டி நேரத்துக்கு வந்தது.