நேராகப் பாடச் சொன்னவர்கள்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத் தமிழ்க் கத்தோலிக்கரின் பாடகர் குழுவில் என் மனைவி பதினோரு வருடம் மூன்றாம் வரிசையில் நின்றவள். மைக் எட்டாத வரிசை அது. ஒரு சொல்லைப் பிடித்தால் ஏற்றி, வளைத்து, உடைத்துத்தான் விடுவாள். "தங்கச்சி, இழுக்காதேங்கோ, நேராப் பாடுங்கோ" என்பார் ஆர்மோனியம் வாசிக்கும் அண்ணை. காரில் வீடு திரும்பும்போது நானும் விடமாட்டேன். "அண்ணை சொல்றதைக் கேளுமன்" என்பேன். சங்கீதத்தில் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. இருந்தாலும் புருசன் அல்லவா, எதையாவது சொல்ல வேண்டாமா?

அவள் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில் ஒரு ஜெர்மன்காரர் இருந்தார். ஒரு சோல் இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர். சட்டி கழுவிக்கொண்டே இவள் பாடுவதைக் கேட்டவர், தங்கள் பாடகிக்குத் தொண்டை கட்டிய நாளில் பாட்டுப் பதிவுக்கு இவளைக் கூட்டிப்போனார். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பு மக்களின் தேவாலயங்களில் ஊறி வந்த இசையாம். அங்கே இழுக்காவிட்டால்தான் குற்றம். அவர்களுடைய பாட்டுத் தொகுப்பின் கடைசியில் இடம் நிரப்பப் போட்ட அந்தப் பாட்டு, எப்படியோ வானொலிக்காரர் கையில் அகப்பட்டுப் பிய்த்துக்கொண்டு போயிற்று. சூப்பர் மார்க்கெட்டில் நான் வெங்காயம் பொறுக்க, தலைக்கு மேலே அவள் குரல். காசு வாங்கும் பெண்ணிடம், அவள் கேட்காமலேயே, "பாடுவது என் மனைவி" என்றேன். லைப்சிக்கில் மேடை, எர்லாங்கனில் மேடை. நான்தான் சாரதி. பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த வருட மாதா திருநாளுக்குத் தனிப்பாட்டுப் பாடக் கேட்டு அண்ணையே வீட்டுக்கு வந்தார்.

"ஆனா தங்கச்சி, அந்த இழுவை மட்டும் வேண்டாம்."

அவள் ஆசைப்பட்டதே அந்தக் கோயிலில் ஒரு தரமாவது தன் குரலில் பாடத்தான். அண்ணைக்குத் தேநீர் ஊற்றி வைத்தாள். பிறகு, "ஓம் அண்ணை, நேராவே பாடுறன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்மேல் அல்ல, பதினோரு வருடமாக அதையே சொன்ன என்மேல்.

திருநாளன்று முதல் அடியை அடிமட்டம் வைத்துக் கோடு கீறியதுபோல் பாடினாள். அடுத்த அடி சபை சேர்ந்து பாட வேண்டியது. "தாயே" என்ற சொல் வந்ததும் முன்வாங்குகளில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதை விடவில்லை. ஏற்றினார்கள், வளைத்தார்கள். வானொலியில் அவளிடம் கேட்டுப் பழகிய அதே இழுவை. பின்வாங்குகளும் பிடித்துக்கொண்டன. ஆர்மோனியம் தடுமாறி நின்றது. அண்ணை கட்டைகளிலிருந்து கையை எடுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"பாடுங்கோ தங்கச்சி. உங்கடை மாதிரியே பாடுங்கோ."

அவள் பாடினாள். ஆறாம் வாங்கிலிருந்து, வெட்கமே இல்லாமல், எல்லோரையும்விட நீளமாக நான் இழுத்தேன்.