ஒருத்தியையே இரண்டு முறை கட்டியவர்

அக்காவின் மாமனாரைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் எல்லோரும் கேப்டன் என்றே அழைத்தார்கள். பர்மா சண்டையில் காலாட்படை அதிகாரியாக இருந்து பதக்கம் வாங்கியவர். எதிரி வளைத்துக்கொண்ட இடத்திலிருந்து, காயம்பட்ட தன் ஆட்களைக் காட்டு வழியாக நடத்திக் கூட்டி வந்ததற்குக் கிடைத்த பதக்கம் அது. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவர் விரும்பிச் சொன்ன கதை வேறு.

அவர் காட்டில் நடந்துகொண்டிருந்தபோது, காணவில்லை என்று வீட்டுக்குத் தந்தி போய்விட்டது. குண்டடிபட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஒரு சிப்பாயும் வந்து சொல்லியிருக்கிறான். திருவதிகையில், கெடிலக் கரையில், தர்ப்பையால் உருவம் செய்து கொளுத்தி அவருடைய அப்பா கருமாதியை முடித்தார். மனைவியின் தாலி இறங்கியது. பிறகு ஒருநாள் மனிதர் வாசலில் வந்து நின்றார். காரியம் ஆனவரை அப்படியே உள்ளே விடக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, பிறந்த குழந்தைக்குச் செய்வதுபோல நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் பெயர் சொல்லி, தன் மனைவிக்கே மறுபடி தாலி கட்ட வைத்தார்கள்.

"ரெண்டு கல்யாணம் பண்ணவன் ஊருக்கு நாலு பேரு இருக்கான். ஒருத்தியவே ரெண்டு தடவ கட்டுனவன் நான்தான்," என்பார்.

"ரெண்டாவது தடவயாச்சும் சம்மதமான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று அவர் மனைவி, எனக்கு அத்தை முறை, உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

அவர்கள் மகனுக்கும் என் அக்காவுக்கும் 1962 ஆவணியில் சிதம்பரத்தில் கல்யாணம். மச்சானும் காலாட்படை அதிகாரிதான். லீவு முடிந்து வடகிழக்கு எல்லைக்குப் போனார். சீனச் சண்டை நடந்த அந்த நவம்பரில் தந்தி வந்தது. அதே வார்த்தை: காணவில்லை.

எனக்கு அப்போது கடலூரில் வேலை. சாயங்காலங்களில் அந்த வீட்டுக்குப் போவேன். மறு வருஷம் சீனாவிலிருந்து கைதிகள் திரும்பினார்கள். மச்சான் வரவில்லை. அவருடைய பட்டாளக் கம்பெனியில் இருந்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவர் மட்டும் கேப்டனைத் தேடி வந்தார்.

"பனியில விழுந்து கெடந்தாருங்க சார். அசையல."

"கிட்டப் போயி பாத்தியா?"

"முடியலீங்க. சீனாக்காரன் சுட்டுக்கிட்டே இருந்தான்."

"அப்ப உனக்குத் தெரியாது. என்னையும் ஒருத்தன் இப்படித்தான் பாத்தான்," என்றார் கேப்டன். வந்தவருக்குச் சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

1965இல் அப்பா சிதம்பரத்திலிருந்து புறப்பட்டு வந்தார். அம்மாவின் அண்ணன் மகன் அக்காவைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தான். ஆனால் முதலில் மச்சானுக்குக் காரியம் நடக்க வேண்டும்.

"முடிச்சிடலாம் சம்மந்தி. பொண்ணுக்கு வயசு இருக்குது."

"எங்கப்பா அவசரப்பட்டாரு. நான் படமாட்டேன்."

அக்கா கதவோரம் நின்றிருந்தாள். "மாமா, எனக்கு ஒண்ணு சொல்லிடுங்க. நான் பூ வெக்கணுமா, வேணாமா?"

"வெச்சிக்கம்மா. அவன் வருவான். நான் வரலியா?"

 கருமாதி முடிந்தும் திரும்பி வந்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மாமன் மகன் ஒரு வருஷம் பொறுத்தான். பிறகு விருத்தாசலத்தில் பெண் எடுத்துக்கொண்டான். அக்கா தினமும் பூ வைத்துக்கொண்டாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் கை வேலையை நிறுத்துவாள்.

1968 தொடக்கத்தில் அத்தை படுக்கையில் விழுந்தார். உயிர் போவதற்குச் சில நாள் முன்பு, நாங்கள் எல்லோரும் இருக்கும்போது, கேப்டனிடம் சொன்னார்:

"என் தாலிய எறக்குனப்ப அழுதேன். ஆனா அதுக்கப்புறம் தூங்குனேங்க. இந்தப் பொண்ணு இன்னும் ஒரு ராத்திரி தூங்கல."

அந்த ஆடியில் கேப்டனே எங்களைத் திருவதிகைக்கு வரச் சொன்னார். தன்னைக் கொளுத்திய அதே கரை. தர்ப்பை உருவத்தை வேறு யாரையும் தொட விடாமல் அவரே கட்டினார். முடிச்சுகளை இழுத்துப் பார்த்து, ஒன்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். தீ வைத்ததும் அது சீக்கிரமே எரிந்து முடிந்துவிட்டது.

தாலி கழற்றுவதற்கு முன் அக்காவிடம் கேட்டார்: "அவன் வந்துட்டா என்னம்மா பண்றது?"

"வந்தா மறுபடி கட்டச் சொல்லுங்க மாமா," என்றாள்.

அக்காவைச் சிதம்பரத்துக்குக் கூட்டி வந்தோம். கேப்டனும் பாசஞ்சரில் கூடவே வந்தார். பரங்கிப்பேட்டை தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "அந்த மாமன் பையனுக்குக் கல்யாணம் ஆயிடிச்சா?" என்று என்னைக் கேட்டார். ஒரு குழந்தையும் இருப்பதாகச் சொன்னேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குடும்பத்தில் போனவர்கள் எல்லோருடைய நாளும் எனக்குத் தெரியும். திவசத்துக்கு என்னைத்தான் கேட்பார்கள். மச்சானுக்கு மட்டும் சொல்ல ஒரு நாள் இல்லை. திதி தெரியாதவர்களுக்கு அமாவாசை என்றார் ஐயர். அதனால் அமாவாசை தோறும் அக்கா ஒரு வேளை சாப்பிடாமல் இருக்கிறாள். தூக்கம் வருகிறதா என்று ஒருமுறை கேட்டேன். இல்லை என்றாள்.