கேட்டுப் பழகிய திரை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பத்து நிமிடம். கணினித் திரையில் முதலில் கண்ணில் பட்டது ஒரே ஓர் ஆங்கிலச் சொல். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டங்களிலும் 'டெலீட்டட்'. அழிக்கப்பட்டது.

என் மனைவி அதைப் பார்க்கவில்லை, கேட்டாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளின் குரலைத் துணைகொண்டுதான், கண்டோன்மென்ட்டில் பார்வையற்றோருக்கான ஒலிநூலகத்தில் பல வருடங்களாகப் புத்தகம் கொடுத்து வாங்கும் வேலை பார்க்கிறாள். அன்று நானும் உடன் போயிருந்தேன்.

"ஏங்க, இவன் என்ன எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி ஒரே வார்த்தையையே சொல்லிட்டிருக்கான்?" என்றாள். அவள் குரல் இயல்பாக இருந்தது. கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நூலகம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கிளை திறந்திருந்தது. அதுவரை எல்லா விவரமும் இவள் கணினியில் ஒரே கோப்பில் இருந்தது. இரண்டு இடத்திலிருந்தும் திறந்ததில் அது அடிக்கடி பழுதானது. விவரங்களை இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒரு சர்வருக்கு மாற்ற முடிவானபோது, நூலகச் செயலாளர் திரையையும், அதாவது விவரங்களைப் பதியும் மென்பொருளையும், புதிதாக வாங்க நினைத்தார். மாதிரிக்கு வந்த புதுத் திரையில் பாதி பட்டன்களைக் குரல் வாசிக்கவில்லை. அது வந்தால் அந்த நாற்காலியில் வேறு ஆள்தான் உட்கார வேண்டும். பழைய திரையையே சர்வரோடு இணைத்துத் தருகிறேன் என்று முன்வந்தவர் கைலாசபுரத்து அம்மையார் ஒருவர். அங்கிருக்கும் தொழிற்சாலையின் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். செவ்வாய்க்கிழமை ஓடினால் பழையது, இல்லையென்றால் புதியது என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கே சொன்னேன் மேடம், புதுசு வாங்கிடலாம்னு. இப்ப எல்லாமே போச்சு" என்றார் செயலாளர்.

"எதுவும் போகல சார். ஒரு டீ சொல்லுங்க."

அம்மையார் சர்வரை நேரடியாகத் திறந்து காட்டினார். எல்லாப் பதிவுகளும் அங்கே இருந்தன.

"சர்வர்ல ஒவ்வொரு பதிவோட வரிசை எண்ணையும் ரொம்பப் பெரிய எண் வகையில வெச்சுட்டேன். நம்ம பழைய திரைக்கு அந்த வகை தெரியாது. எண்ணைச் சொல்லித் திரும்பத் தேடுது, கிடைக்கல, அழிஞ்சுடுச்சுன்னு எழுதிடுது."

"நாம வீட்டுல இருக்கும்போதே, ஆள் இல்லைன்னு போஸ்ட்மேன் எழுதிட்டுப் போவாரே, அப்படியா?" என்றாள் மனைவி.

"அதேதாம்மா."

எண்ணின் வகையை மாற்றி, அட்டவணைகளை மறுபடி இணைத்தார். கட்டங்களில் பெயர்கள் வந்தன. செயலாளர் எழுந்தார். "உட்காருங்க சார், இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டு, அம்மையார் மானிட்டரை அணைத்தார்.

இருண்ட திரையின் முன் என் மனைவி புத்தகம் கொடுத்தாள், திரும்ப வாங்கினாள், புது உறுப்பினர் ஒருவரைச் சேர்த்தாள். அம்மையார் திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"குரல் தேதியில நின்னுடுது மேடம்" என்றாள் மனைவி.

"கேட்டுச்சு."

அதையும் சரி செய்தார். மானிட்டர் மீண்டும் அணைந்தது. இந்த முறை குரல் எங்கும் நிற்கவில்லை. செயலாளர் ஸ்ரீரங்கத்துக்குப் போன் செய்தார். அங்கேயும் பதிவு தெரிகிறதாம். "சரி, இதுவே இருக்கட்டும்" என்றார்.

பத்திரிகையின் செய்தி மேசையில் வேலை பார்த்த காலத்தில், பிறர் கட்டுரைகளில் நன்றி சொல்லும் வரிகளை நான் முதலில் வெட்டுவேன். அந்த அம்மையாருக்கு நாங்கள் இருவரும் கடமைப்பட்டிருக்கிறோம் என்ற வரி இதில் இருக்கட்டும்.

புதன்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் என் மனைவி வேலைக்குப் போனாள்.