மிதந்து வரும்வரை

அப்போது நான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தாதியாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எதையும் பட்டியலிட்டு, கடிகாரம் பார்த்தே செய்வேன். காய்ச்சல் விட்டும் ஒரு வாரமாகச் சாப்பிட மறுத்துக் கிடந்தார் ஓர் இத்தாலியக் கன்னியாஸ்திரி. இப்படியே போனால் பிழைக்கமாட்டார் என்றார் டாக்டர்.

"என்னதான் வேணும் மதர்?" என்று கேட்டேன்.

"எங்கட ஊர்ப் பாற்கட்டி உருண்டை," என்றார், இங்கே பல வருடம் பழகிய தமிழில்.

அவர் சொல்லச்சொல்ல எழுதினேன்: எருமைப்பால், அதைத் திரிக்க எலுமிச்சைச் சாறு, முட்டை, கொஞ்சம் கோதுமை மா, உப்பு.

"கொதிதண்ணியில எத்தனை நிமிசம்?"

"மிதந்தா எடு, பிள்ளை."

அது எனக்கு ஓர் அளவாகப் படவில்லை. கொழுக்கட்டையை நினைத்து, பத்து நிமிடம் என்று நானே எழுதிக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாதி உருண்டைகளை அப்படியே வேகவைத்தேன். அங்கிருந்த சமையற்காரி பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதென்னகா, உருண்டை கேட்டவவுக்குக் கஞ்சி காய்ச்சியிருக்காய்!"

மதரிடம் உண்மையைச் சொன்னேன்.

"அடுப்ப இஞ்ச கொண்டு வா," என்றார்.

மீதி உருண்டைகளோடு மண்ணெண்ணெய் அடுப்பைக் கட்டிலருகே வைத்தேன். யன்னலுக்கு வெளியே வாவி அசையாமல் கிடந்தது. உருண்டைகளும் பானையின் அடியில் அப்படியே கிடந்தன. பிறகு நிலவு எழுவதுபோல் ஒன்று மெல்ல மேலே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. நாள்கணக்காகத் தலை தூக்காதவர், அதைப் பார்க்க முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"இப்ப எடு."

மூன்று உருண்டை சாப்பிட்டார்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பத்து நிமிடம் என்பதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை. சாப்பிட மறுக்கும் நோயாளியிடம் இப்போது நான் கடிகாரத்தோடு போவதில்லை. கட்டிலருகே கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.